இக்னிஷன் காயிலை வீட்டிலேயே மாற்றலாம், ஆனால் வாங்கும் முன் இடம் மாற்றிப் பாருங்கள்

தம்பி போன் செய்தபோது வண்டியை ஓடவிட்டுத்தான் பேசினான். "அக்கா, இதைக் கேளேன்" என்று போனை பானெட் பக்கம் நீட்டினான். நான்கு அடி விழ வேண்டிய இடத்தில் மூன்று விழுந்து, ஒன்று விடுபட்டுப் போகிற சத்தம். மெக்கானிக்குகள் இதை "மிஸ்ஸிங்" என்பார்கள். பொருத்தமான பெயர்தான், ஒரு அடி நிஜமாகவே காணாமல் போகிறது.

"மஞ்சள் இன்ஜின் லைட் எரியுதா, மினுக்குதா?"

"கொஞ்ச நேரம் மினுக்கிச்சு. இப்போ சும்மா எரியுது."

"அப்படியே ஆஃப் பண்ணு. ஓட்டிப் பார்க்கிறேன்னு கிளம்பிடாத."

அந்தக் கேள்வியை முதலில் கேட்டதற்குக் காரணம் உண்டு. லைட் நிலையாக எரிந்தால் ஏதோ கோளாறு பதிவாகியிருக்கிறது என்று பொருள், நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். மினுக்கினால் கதை வேறு. சிலிண்டரில் பற்றாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போய், வழியில் இருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் (புகையைச் சுத்தம் செய்யும் பெட்டி அது) எரிகிறது. அதன் உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும் பகுதி அந்தச் சூட்டில் உருகி அடைத்துக்கொள்ளும். அதை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலின் விலை ஒன்றுமே இல்லை. மினுக்கும் வண்டியை ஓட்டாதீர்கள்.

மறுநாள் காலை டூல் பெட்டியோடு போனேன். அன்று செய்ததையும், இதற்கு முன் நான் சொதப்பியதையும் சேர்த்து எழுதுகிறேன். பெட்ரோல் வண்டிகளுக்கு மட்டும்தான் இது. டீசலில் இந்தக் காயிலே கிடையாது. அதிலும், பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியை விடும் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கின் தலையிலும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கும் வகையைப் பற்றித்தான் பேசுகிறேன், இப்போது ஓடும் பெரும்பாலான கார்களில் அதுதான் இருக்கிறது.

காயில் என்ன செய்கிறது என்பது தெரிந்தால் அது ஏன் சாகிறது என்பதும் புரியும். உள்ளே இரண்டு செம்புச் சுருள்கள். ஒன்றில் தடித்த கம்பி, சில நூறு சுற்றுகள். இன்னொன்றில் முடி மாதிரி கம்பி, பல ஆயிரம் சுற்றுகள். தடித்த சுருளில் பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது பொறி வராது. அதை வண்டியின் கம்ப்யூட்டர் படக்கென்று நிறுத்தும் நொடியில்தான் மெல்லிய சுருளில் 20,000, 30,000 வோல்ட் என்று எகிறுகிறது. தண்ணீர்க் குழாயைச் சட்டென்று மூடினால் சுவருக்குள் 'டொக்' என்று ஒரு இடி கேட்குமே, கிட்டத்தட்ட அதே சங்கதி. இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு காயிலும் நொடிக்கு 25 முறை இதைச் செய்கிறது, அதுவும் கொதிக்கும் இன்ஜின் தலைமேல் உட்கார்ந்துகொண்டு. நாளாக ஆக உள்ளே இருக்கும் இன்சுலேஷன் விரிசல் விடும். மின்சாரம் பிளக்கின் முனையில் குதிக்காமல் குறுக்கு வழி தேடிக்கொள்ளும்.

குறுக்கு வழி என்று சொன்னேன் அல்லவா, அதைத் தேடவைப்பது பல நேரம் வேறொரு பொருள். தேய்ந்த பிளக்கில் முனைகளுக்கு நடுவே இடைவெளி அகலமாகியிருக்கும். அதைத் தாண்ட அதிக வோல்ட் வேண்டும், காயில் திணறும். பிளக் குழிக்குள் ஆயில் கசிந்தால் காயிலின் ரப்பர் பூட் (பிளக்கின் தலையை மூடும் ரப்பர் உறை) ஊறி உப்பிவிடும். தண்ணீர் புகுந்தாலும் இதே கதிதான். ஆக, காயில் போய்விட்டது என்றால் பாதி விஷயம்தான் தெரிந்திருக்கிறது. அதைக் கெடுத்தது எது என்று பார்க்காமல் புதுசைப் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

எந்தக் காயில்?

டாஷ்போர்டுக்கு அடியில், டிரைவர் முழங்காலுக்குப் பக்கத்தில் 16 பின் உள்ள ஓபிடி போர்ட் (வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்த கோளாறுகளைப் படிக்கும் சாக்கெட்) இருக்கும். அதில் சொருகி போனோடு இணைக்கும் சின்ன ஸ்கேனர் போதும். தம்பி வண்டியில் வந்த கோளாறு எண், அதாவது கோடு (code), பி0303. பி030 வரைக்கும் "மிஸ்ஸிங்" என்று அர்த்தம், கடைசி எண் சிலிண்டரைச் சொல்லும். ஆக, மூன்றாம் சிலிண்டர். பி0300 என்று வந்தால் எந்தச் சிலிண்டர் என்று அதற்கே தெரியவில்லை, மாறி மாறி விடுபடுகிறது என்று பொருள். அதற்கு ஒரே ஒரு காயில் காரணமாக இருப்பது அபூர்வம். பி0351, பி0352 என்ற வரிசையில் வந்தால் காயிலின் மின்சுற்றிலேயே கோளாறு. காயில் மட்டுமல்ல, அதற்குப் போகும் ஒயரும் கப்ளரும் (ஒயரைக் காயிலில் மாட்டும் பிளாஸ்டிக் முனை) அந்தச் சுற்றில்தான் சேர்த்தி. எலி கடித்த ஒயருக்கும் இதே கோடு வரும்.

இங்கே என் மானம் போன கதையைச் சொல்லியாக வேண்டும். முதன்முதலாக என் வண்டிக்கு நானே காயில் மாற்றியபோது கோடு பி0301. கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணி, முதலில் இருந்த காயிலைக் கழற்றிப் புதுசை மாட்டினேன். மிஸ்ஸிங் அப்படியே இருந்தது. போலிக் காயிலைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைக்கே போய்க் கத்தினேன். கடைக்காரர் பொறுமையாக, "எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினீங்கம்மா?" என்று மட்டும் கேட்டார். பெரும்பாலான இன்ஜின்களில் பெல்ட் ஓடும் பக்கத்தில் இருப்பதுதான் ஒன்றாம் சிலிண்டர். நான் நல்லாயிருந்த நாலாவதைக் கழற்றியிருக்கிறேன். எல்லா வண்டியிலும் இப்படித்தான் என்றும் சொல்ல முடியாது. வி6 போன்ற இன்ஜின்களில் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி எண்ணும். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் பார்த்துவிடுங்கள், ஊகம் வேண்டாம்.

அதற்குப் பிறகு, காயில் வாங்கும் முன் ஒரு காரியத்தைத் தவறாமல் செய்கிறேன். சந்தேகப்படும் காயிலையும் பக்கத்து நல்ல காயிலையும் இடம் மாற்றுவது. சாவியை எடுத்துவிட்டு, மூன்றில் இருந்ததை இரண்டிலும் இரண்டில் இருந்ததை மூன்றிலும் போட்டோம். பழைய கோடை அழித்துவிட்டு ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டோம். ஒரு நிமிடம் ஆகவில்லை, பி0302 வந்தது. கோளாறு காயிலோடு நடந்து போய்விட்டது. இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது, ஒரு பைசா செலவும் இல்லை.

அப்படிப் போகாமல் பி0303 மறுபடியும் வந்திருந்தால்? அடுத்து பிளக்கை அதே மாதிரி இடம் மாற்ற வேண்டும். அதற்கும் நகரவில்லை என்றால் ஒயர், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று தேடல் நீளும். காயில் வாங்கும் கேள்வியே எழாது.

மல்டிமீட்டரில் ஓம், அதாவது சுருளின் மின்தடை, பார்க்கலாமே என்பார்கள். பார்க்கலாம், எனக்கு நம்பிக்கை இல்லை. சூடேறினால் மட்டும் மக்கர் செய்யும் காயில் மேஜைமேல் ஆறிக் கிடக்கும்போது ஒழுங்கான அளவைக் காட்டும். மூன்று, நான்கு பின் உள்ள காயில்களுக்குள் எலெக்ட்ரானிக்ஸும் சேர்ந்திருப்பதால் சுருளை நேரடியாக அளக்கவும் முடியாது. இன்னொரு பழைய வழக்கம், இன்ஜின் ஓடும்போதே காயிலைத் தூக்கிப் பார்ப்பது. தயவுசெய்து வேண்டாம். 30,000 வோல்ட் உங்கள் கையில் பொறி விடும், பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களுக்கு உயிருக்கே ஆபத்து.

கழற்றும் வேலை

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். தொட்டால் கை பொறுக்கிற சூடு என்பது போதாது, நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். சிலிண்டர் ஹெட் அலுமினியம், பிளக்கின் உடல் இரும்பு. சூட்டில் கழற்றினால் ஹெட்டில் இருக்கும் மரை பிளக்கோடு சேர்ந்து உரிந்து வர வாய்ப்புண்டு. மரை போனால் காயில் வேலை இன்ஜின் வேலையாகிவிடும். அதனால்தான் காலையில் போனேன்.

எடுத்துப்போனவை: ராட்செட், 10 மி.மீ. சாக்கெட், நீளமான எக்ஸ்டென்ஷன், 16 மி.மீ. பிளக் சாக்கெட் (சில வண்டிகளுக்கு 14), டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்), டார்ச், மெல்லிய தட்டை ஸ்க்ரூடிரைவர், காற்று ஊதும் கேன், ஒரு சாண் நீள ரப்பர் ட்யூப், சின்ன ட்யூபில் டைஎலெக்ட்ரிக் கிரீஸ். ரப்பர் ட்யூப் எதற்கு என்று தம்பி கேட்டான். கடைசியில் சொல்கிறேன் என்றேன்.

மேலே பிளாஸ்டிக் மூடி இருந்தால் நேராக மேல்நோக்கி இழுத்தால் வந்துவிடும். சில வண்டிகளில் ஏர் ஃபில்டர் குழாயையும் நகர்த்த வேண்டியிருக்கும். கழற்றுவதற்கு முன் ஒரு போட்டோ எடுங்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றச் சொல்லும் மேனுவல்களும் உண்டு. உங்கள் மேனுவல் சொன்னால் செய்யுங்கள். நான் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு சில நிமிடம் காத்திருப்பதோடு சரி.

கப்ளர்தான் இந்த வேலையின் மிக மோசமான பகுதி. பல வருடச் சூட்டில் அதன் பிளாஸ்டிக் பிஸ்கட் மாதிரி ஆகியிருக்கும். சில கப்ளரில் சிவப்பாகவோ சாம்பல் நிறத்திலோ ஒரு குட்டித் தாழ்ப்பாள் இருக்கும், முதலில் அதைப் பின்னால் தள்ள வேண்டும். அதற்குப் பிறகு லாக்கை அழுத்தி இழுக்க வேண்டும். வராவிட்டால் உடனே ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பாதீர்கள். கப்ளரைக் காயில் பக்கமாக ஒரு அழுத்து அழுத்தினால் லாக்கின் பிடி தளரும், அப்புறம் லாக்கை அமுக்கி இழுத்தால் வந்துவிடும். ஒயரைப் பிடித்து மட்டும் இழுக்கவே கூடாது. தம்பி இரண்டாவது கப்ளரின் லாக்கை உடைத்தான். முகம் தொங்கிப்போனது. பரவாயில்லை, கேபிள் டை ஒன்றைச் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறோம். என் வண்டியிலும் ஒன்று அப்படித்தான் இருக்கிறது.

10 மி.மீ. போல்டைக் கழற்றியதும் காயிலைத் தூக்குவதற்கு முன் சுற்றிலும் காற்று ஊதுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. அங்கே சேர்ந்திருக்கும் மண் குழிக்குள் விழுந்தால், பிளக்கைக் கழற்றும்போது நேரே சிலிண்டருக்குள் போகும். அடுத்து காயிலைப் பிடித்து இடமும் வலமுமாகக் கால் சுற்று திருகுங்கள். பிளக்கோடு ஒட்டிக்கிடக்கும் ரப்பர் விடுபடுவது கையிலேயே தெரியும். அதற்குப் பிறகு நேராக மேலே. சாய்த்து இழுத்தால் ரப்பர் கிழிந்து பாதி குழிக்குள்ளேயே தங்கிவிடும். அப்புறம் நீள மூக்கு பிளையரோடு ஒரு மணி நேரம் மீன்பிடிக்க வேண்டியதுதான்.

கழற்றிய காயிலை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தோம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ரப்பர் பூட்டின் வாயை விரித்து டார்ச் அடித்ததும் தெரிந்தது. உள்சுவரில் மேலிருந்து கீழாக, பென்சிலால் கிழித்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. தலைமுடி கனம்கூட இல்லை. நகத்தால் சுரண்டினால் போகவில்லை. மின்சாரம் போட்ட ஒற்றையடிப் பாதை அது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானிலும் நேர் எதிரே அதன் ஜோடிக் கோடு இருந்தது. (பீங்கானின் அடியில் உலோகத்தை ஒட்டி வளையமாகப் பழுப்புக் கறை இருந்தால் பயப்பட வேண்டாம். அது நல்ல பிளக்கிலும் வரும்.) இந்தக் கறுப்புக் கோடு இருக்கும் பிளக்கில் புதுக் காயிலை மாட்டினால், அந்தப் பாதை புது ரப்பர் பூட்டையும் எரித்துவிடும். ஒன்றில் இந்தக் கறுப்புக் கோடு கண்டால் காயில், பிளக் இரண்டும் குப்பைக்குத்தான்.

இன்னொன்றும் பார்த்தோம். ரப்பர் பூட்டின் கீழ்ப்பகுதி வழவழவென்று இருந்தது. முகர்ந்தால் ஆயில். குழிக்குள் டார்ச் அடித்தேன், பிளக்கைச் சுற்றி ஆயில் பளபளத்தது. மற்ற மூன்று குழிகளும் காய்ந்திருந்தன. கெடுத்தது யார் என்று தெரிந்துவிட்டது: வால்வ் கவருக்கு அடியில், மூன்றாம் குழியைச் சுற்றி இருக்கும் சீல்.

ஆயில் இருக்கும் குழியில் பிளக்கை அப்படியே கழற்றினால் அது சிலிண்டருக்குள் வடியும். நீளக் குச்சியில் துணியைச் சுற்றி முதலில் ஒற்றி எடுங்கள். கொஞ்சம் உள்ளே போனால் குடி முழுகிவிடாது, ஸ்டார்ட் செய்ததும் சிறிது நேரம் புகை வரும், அவ்வளவே.

புதுசை மாட்டுவது

காயில் வாங்கும்போது பழையதன்மேல் அச்சிட்டிருக்கும் பார்ட் நம்பரைக் காட்டி வாங்குங்கள். பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பவை உள்ளுக்குள் வேறாக இருக்கலாம். நான்கையும் சேர்த்து மாற்ற வேண்டுமா என்று தம்பி கேட்டான். வேண்டாம் என்பது என் கருத்து. கெட்டது ஒன்றுதான், அது கெட்டதற்குக் காரணமும் கையில் இருக்கிறது. பிளக்குகளை மட்டும் நான்கும் சேர்த்து மாற்றிவிடுங்கள், அவை ஒன்றாகத் தேய்பவை. வெறும் நிக்கல் பிளக் 30,000 கிலோமீட்டருக்கு மேல் தாங்குவது கஷ்டம், இரிடியம் என்றால் 1,00,000 வரை போகும். மீதி மூன்று பழைய காயில்கள் கவலையாக இருந்தால் ஒன்று கூடுதலாக வாங்கி டிக்கியில் போட்டு வையுங்கள்.

இப்போது ரப்பர் ட்யூப். பிளக்கின் மேல்முனையை அதில் சொருகி, குழிக்குள் இறக்கி, விரலால் உருட்டித் திருகினேன். மரை சரியாகப் பிடித்தால் வெண்ணெய் மாதிரி இறங்கும். கோணலாகப் பிடித்தால் ட்யூப் கையில் வழுக்கிச் சுற்றும், பிளக் நகராது. ராட்செட்டுக்கு இந்தப் புத்தி கிடையாது, கோணலாக இருந்தாலும் முறுக்கிக்கொண்டே போகும். விரலாலேயே கடைசிவரை இறக்கிய பிறகுதான் டார்க் ரெஞ்ச். 14 மி.மீ. மரை உள்ள பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் பொதுவாக 20 முதல் 25 நியூட்டன் மீட்டர், உங்கள் மேனுவலின் எண்தான் முடிவு. டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், வாஷர் உள்ள புதுப் பிளக்கை விரலால் உட்காரவைத்த பிறகு அரைச் சுற்று. வாஷர் இல்லாத கூம்பு வகைக்கு அரைச் சுற்று விடாதீர்கள், சுற்றில் பதினாறில் ஒரு பங்கு போதும், ஒரு துளி அசைவு. மரையில் கிரீஸ் எதுவும் பூச வேண்டாம், வழுக்கலில் அளவுக்கு மேல் இறுகிவிடும்.

டைஎலெக்ட்ரிக் கிரீஸ் ரப்பர் பூட்டின் வாயில், உள்பக்கமாக, மெல்லிசாக ஒரு வளையம். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கில் பூச வேண்டாம். அது மின்சாரத்தைக் கடத்தாத கிரீஸ், ரப்பர் ஒட்டாமல் இருக்கவும் ஈரம் புகாமல் இருக்கவும்தான். காயிலை நேராக இறக்கி அழுத்துங்கள். பிளக்கின் தலையில் போய் உட்காரும்போது 'டுப்' என்று ஒரு சின்ன உணர்வு கைக்கு வரும். வரவில்லை என்றால் இன்னும் இறங்கவில்லை. போல்டை வைத்து இழுத்து இறக்கலாம் என்று நினைக்காதீர்கள், காயிலின் பிளாஸ்டிக் காது உடையும். அந்தப் போல்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர்தான், மணிக்கட்டு பலம் போதும். கப்ளர் 'க்ளிக்' என்று விழ வேண்டும். விழுந்ததும் லேசாக இழுத்துப் பாருங்கள், தாழ்ப்பாளைத் தள்ளுங்கள்.

ஸ்டார்ட் செய்தோம். முதலில் கொஞ்சம் புகை, அப்புறம் நான்கு அடியும் ஒழுங்காக விழுந்தது. தம்பி குதித்துவிட்டான். ஐடிலில் நன்றாக ஓடுவதை நான் நம்புவதில்லை. பலவீனமான பொறி சுமையில்தான் தோற்கும். கோடுகளை அழித்துவிட்டு, இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி, ஒரு மேட்டில் உயர்ந்த கியரிலேயே வைத்து மெதுவாக ஆக்ஸிலரேட்டரை அழுத்தச் சொன்னேன். உதறவில்லை. ஸ்கேனரிலும் புதிதாக எதுவும் பதிவாகவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வால்வ் கவரைக் கழற்றி கேஸ்கெட்டையும் குழிகளின் சீல்களையும் மாற்றினோம். அது அரை நாள் வேலை, இன்னொரு கதை. இரண்டு வாரம் கழித்து மூன்றாம் காயிலைத் திரும்பவும் தூக்கி, குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான். "காஞ்சிருக்குக்கா" என்றான்.